வள்ளி வாங்கிய ஒற்றைத் தோட்டா ரைஃபிள்

வள்ளிக்கு நாற்பத்தேழு வயது. அமெரிக்க நகரமான ஃபிரிஸ்கோவில் ஒரு ஃபார்மசியில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறாள். அவள் மான் வேட்டைக்குப் போகிறவள் என்பது கோயிலில் பார்த்துச் சிரிக்கும் பலருக்குத் தெரியாது. கூட வேலை செய்யும் டேல்தான் முதலில் தன் பண்ணைக்கு அழைத்துப் போனான். வேட்டைக்கான வகுப்பை முடித்து, லைசென்ஸ் எடுத்து, அவனுடைய ரைஃபிளையே இரவல் வாங்கிக்கொண்டு போனாள்.

அதுதான் அவளுடைய முதல் வேட்டை. மான் கண்ணில் பட்டதும் சுட்டாள். குண்டு இடுப்பில் பட்டது. பதறிப்போய் இன்னும் இரண்டு முறை சுட்டாள். இரண்டும் மண்ணுக்குள் போயின. ரத்தத் துளிகளைப் பார்த்துப் பார்த்து இரண்டு மணி நேரம் தேடினார்கள். கண்டுபிடித்தபோது மானுக்கு உயிர் இருந்தது. டேல்தான் முடித்துவைத்தான்.

“இதோட விட்டுரு வள்ளி,” என்றார் கணவர் இளமாறன். “கடையில கறி கிடைக்காமயா இருக்கு?”

“கடையில வாங்கினா வேற யாரோ கொல்றாங்க, நம்ம கண்ணுல படறதில்ல. அவ்வளவுதாங்க. ஒண்ணு, கறியவே விட்டுரணும். இல்லேன்னா இத ஒழுங்கா கத்துக்கணும்.”



மார்ச்சில் துப்பாக்கிக் கடைக்குப் போனாள். விற்பவர் ஐந்து தோட்டா பிடிக்கும் ரைஃபிள்களாக எடுத்து வைத்தார். வள்ளி இடதுகைக்காரி. தோட்டாவை உள்ளே தள்ள இழுக்கும் பிடி எல்லாவற்றிலும் வலப்பக்கம் இருந்தது. மூலையில் ஒன்று மட்டும் வேறு மாதிரி. நடுவில் மடக்கித் திறந்து, ஒரே ஒரு தோட்டாவைப் போட்டு மூட வேண்டும். எந்தக் கைக்கும் தோதானது. திறந்து வைத்தால், உள்ளே ஒன்றுமில்லை என்று எட்ட நிற்பவருக்கும் தெரியும்.

முதல் குண்டு தப்பினால் அடுத்ததைப் போடுவதற்குள் மான் போய்விடும் என்று விற்பவர் எச்சரித்தார். அது தெரிந்துதான் கேட்கிறேன் என்றாள் வள்ளி. தோளை அதிகம் உதைக்காத ரகமாகப் பார்த்து வாங்கினாள்.

கோடை முழுக்க சனிக்கிழமை காலைகளில் பயிற்சிக்குப் போனாள். நூறு கஜ தூரத்தில் உள்ளங்கை அகலத்துக்குள் எல்லாக் குண்டும் விழும்வரை நிறுத்தவில்லை.

நவம்பரில் மூன்று நாள் பண்ணையில் உட்கார்ந்தாள். ஒரு மான் நேருக்கு நேர் பார்த்து நின்றது. இன்னொன்றை மரக்கிளை மறைத்தது. ஒரே குண்டில் விழும் என்ற நிச்சயம் இல்லாததால் இரண்டையும் விட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை ஒன்று பக்கவாட்டில் திரும்பி, தலை குனிந்து மேய்ந்தது. வள்ளி மூச்சை விட்டாள், விசையை அழுத்தினாள். மான் நின்ற இடத்திலேயே சரிந்தது. பக்கத்தில் போய் மண்டியிட்டு அதன் கழுத்தில் கை வைத்தாள். சூடாக இருந்தது. சந்தோஷம் என்று சொல்ல எதுவும் வரவில்லை. கண் மட்டும் கலங்கியது.

அன்று மாலை இளமாறன் வாசலிலேயே நின்றார்.

“துடிச்சுதா?”

“இல்லீங்க.”

அவர் கறி இருந்த ஐஸ் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அதைச் சமையலறைக்குத் தூக்கிப் போனார்கள்.