ஏசுபாதம் வயலுக்கு வராத தண்ணீர்

திருக்கழுக்குன்றத்திலிருந்து மகாபலிபுரம் போகிற பாதையில் எங்கள் ஊர் ஏரி. மதகைத் திறந்து, முறைப்படி வயல் வயலாகத் தண்ணீர் விடுகிற நீர்க்கட்டி வேலை ஏசுபாதத்துக்கு. தெருப் பையன்கள் அவரை ‘ஆமென்’ என்பார்கள். எதையும் தொண்டையைக் கனைத்து, கோயிலில் வேதபாடம் வாசிக்கிற குரலில்தான் சொல்வார். “சின்னையா... உன் வயலுக்கு... தண்ணி... வுட்டாச்சு” என்று அவர் முடிப்பதற்குள் தண்ணீர் கடைமடையைத் தொட்டிருக்கும்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஊரிலேயே நிறைய நிலம் வைத்திருந்த ரெட்டியார் ஆள் பெரிது, குரல் கீச்சு.

“இன்னாடா ஏசுபாதம், உங்க சாமி கண்ண மூடிகினு கீற நேரமா பாத்து எனக்கு மதக ஒரு சாண் தூக்கி வுடேன்.”

“அவரு மூடிகினு கீறாரான்னு தெரியாதுங்க நைனா. நான் தொறந்துகினு கீறேன்.”

வாய்க்கால் கரையை வெட்டித் தண்ணீர் திருடினால் அந்தப் போகம் முழுக்க முறை கிடையாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. திருடியவர் வயல் மடையில் மண் போட்டு அடைப்பதும் நீர்க்கட்டிதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சின்னையன் முறை. மதகைத் திறந்துவிட்டு ஏசுபாதமும் கோயிலுக்குப் போய்விட்டார். எங்கள் தெரு முழுக்கக் கோயிலில் முழங்காலில் இருந்தது. தலைவலி என்று வீட்டில் நின்றுவிட்டவள் ஏசுபாதத்தின் மனைவி ரெபேக்காள் மட்டும். ஆராதனை முடிந்து வந்தால், வாய்க்கால் கரை வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. பக்கத்து வயல்காரன் துரையின் வரப்போரம் ஈரம். சின்னையன் வயல் காய்கிறது.

“இவன்தான்யா! போன மாசம் எங்கூட மல்லுக்கு நின்னவன்!” என்று சின்னையன் குதித்தான்.

“போய்யா! நான் வெட்டுனா உன் மூஞ்சிக்கு எதுர வெட்டுவேன். ஒளிஞ்சி தோண்ட நான் இன்னா பெருச்சாளியா?” என்றான் துரை.

சாயந்தரம் ஊர் கூடிப் பேசுவது என்று முடிவாயிற்று. ஏசுபாதம் மட்டும் ஈரத்தின் பின்னாலேயே நடந்தார். அது துரை வரப்போரமாகவே போய், பின்னால் ஏசுபாதமே குத்தகைக்கு எடுத்திருந்த நிலத்தில் முடிந்தது.

வீட்டில் ரெபேக்காள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அவர் கேட்கவே இல்லை. அவளே சொன்னாள்.

“பொண்ணு புள்ள பெத்துக்க வருது. அவளுக்குக் கஞ்சி ஊத்த நெல்லு வேணாவா? ஊரு தண்ணியெல்லாம் உன் கையில. நம்ம பயிரு மட்டும் சாவணுமா?”

“தொரைக்கும் புள்ளைங்க கீதுங்க, ரெபேக்கா.”

“சும்மா இருய்யா. ஒனக்கு இன்னா தெரியும்? நீ கோயில்ல இருந்த.”

“இருந்தேன். ‘எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்’னு சொல்லிகினு இருந்தேன்.”



சாயந்தரம் எல்லோரும் துரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தபோது ஏசுபாதம் எழுந்தார். தொண்டையைக் கனைக்கவில்லை. யாருக்கும் பழக்கமில்லாத வேகத்தில் சொன்னார்.

“தொரை வெட்டல. தண்ணி என் நெலத்துல கீது. எங்க வூட்டு வேல. என் மொறைய நிறுத்திடுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. ரெட்டியார்கூட மெல்லத்தான் கேட்டார்: “பயிரு போயிடும்டா?”

“போவுங்க நைனா.”

துரை தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை தன் மடையைத் தானே அடைக்க ஏசுபாதம் மண்வெட்டியோடு போனார். பின்னாலேயே வந்த ரெபேக்காள் அதைப் பிடுங்கினாள்.

“குடுய்யா. வெட்டுனவ நான்.”

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள். மண்ணை வெட்டிப் போட்டு, காலால் மிதித்து, கசிவு நிற்கும்வரை மிதித்தாள். பிறகு ஏசுபாதம் மதகைத் திறந்தார். தண்ணீர் அவர்கள் பயிரை ஒட்டியே ஓடி, சின்னையன் வயலுக்குள் போனது.