தையலுக்கு விடாத அரை விரல்

பதினோரு வருஷமாகக் கட்டிங் மாஸ்டரின் நெஞ்சில் அந்த முள் தைத்தபடியே கிடந்தது. தையற்கடையின் பின்னறையில் அவருடைய அக்கா கண் வலிக்கத் தைக்கும் துணிப் பொம்மையை, ஒவ்வொரு விடுமுறைக் காலத்திலும் கடை முதலாளியம்மா கண்காட்சிக்குத் தூக்கிக்கொண்டு போவாள். "எல்லாம் என் கைவேலை" என்பாள். பரிசும் போட்டோவும் அவளுக்கு. ஊசிக்குத்து அக்காவுக்கு.

அக்காவின் வேலை லேசுப்பட்டதில்லை. முழ நீளப் பொம்மை. கம்பளி நூல் சடை, நூலாலேயே கண், அலமாரி விளிம்பில் உட்கார வைத்தால் மடங்கித் தொங்கும் கால். கழுத்து இரண்டு விரல் அகலம்தான். ஆனால் தலை சாயாது.

"தலையில பஞ்சு அதிகமானா கழுத்து தாங்காதுடா" என்பாள் அக்கா. "நம்ம முதலாளியம்மாவப் பார்த்தாலே தெரியலையா."

ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டும் பார்த்தாள். "ஒரு துண்டுச் சீட்டுல என் பேரையும் எழுதி வைங்கம்மா."

"பொம்மைய யாரு பார்ப்பா, சீட்ட யாரு பார்ப்பா" என்று சிரித்துக்கொண்டே போனாள் முதலாளியம்மா. மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு துணி வெட்டினார்.

இந்த வருஷம் அக்கா நுரையீரல் கெட்டுப் படுக்கையாகிவிட்டாள். கண்காட்சிக்காரர்களும், எல்லாரும் பார்க்க அங்கேயே தைத்துக் காட்ட வேண்டும் என்று புது விதி போட்டார்கள். முதலாளியம்மா முதல் முறையாக இவர்கள் வீட்டுப் படியேறினாள்.

"அக்கா, பொம்மைக்குத் துணி வெட்ட வச்சிருக்கிற அந்த அளவு அட்டைய மட்டும் குடுங்க. மத்தத நான் பார்த்துக்கறேன்."

பதினோரு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவள் வாயில் 'அக்கா' வந்தது. அக்கா மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தாள்.

அவள் போனதும் மாஸ்டர் பொங்கினார். "உனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சாக்கா?"

"அட்டையத்தானேடா குடுத்தேன்."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்த அட்டையின் விளிம்பு தையல் ஓட வேண்டிய கோடு. வெட்டும்போது சுற்றிலும் அரை விரல் துணி விட்டு வெட்ட வேண்டும். அது எந்த அட்டையிலும் எழுதியிருக்காது. அக்காவின் கண்ணளவில் இருந்தது. கத்தரியே தொடாமல், முடிந்த பொம்மையை மட்டுமே தூக்கிப் போனவளுக்கு அது எங்கே தெரியும்.

கண்காட்சி அன்று மிஷினைச் சுமந்துகொண்டு மாஸ்டரும் போனார். முதலாளியம்மா அட்டையை வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டாள். கத்தரியை எடுத்தவள் கொஞ்சம் தயங்கினாள்.

"மாஸ்டர், கோட்டு மேலயே வெட்டிடலாமா?"

முப்பது வருஷம் துணி வெட்டியவர். 'விட்டு வெட்டுங்க' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினார்.

"அட்டை என்ன சொல்லுதோ அதுதாம்மா."

வெட்டினாள். வெட்டிய விளிம்பிலிருந்து அரை விரல் உள்ளே தள்ளித் தைத்தாள். புரட்டி வெளியே எடுத்தபோது கழுத்து பென்சில் தடிமனுக்கு இருந்தது. பஞ்சு போகவில்லை. குச்சியால் குத்தினாள். கழுத்து கிழிந்து குச்சி வெளியே நீட்டிக்கொண்டது.

"இவங்கதான் பதினோரு வருஷமா தைக்கிறவங்களாம்" என்றாள் பக்கத்து மேசைக்காரி. கூட்டம் சிரித்தது. முதலாளியம்மா திரும்பி மாஸ்டரைப் பார்த்தாள். அவர் நூற்கண்டில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தார். அவரை வேலையை விட்டு அனுப்பவும் அவளால் முடியவில்லை. கடையில் விடுமுறைக்குத் தைக்க வந்த துணி மலையாகக் குவிந்து கிடந்தது.

வீட்டில் அக்கா துருவித் துருவிக் கேட்டாள்.

"எந்தப் பக்கம் கிழிஞ்சுது?"

"இடது பக்கம்."

"சத்தம் கேட்டுச்சா?"

"டர்ருன்னு."

வயிறு நிறையச் சாப்பிட்டவள் போலக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.

நாலாம் நாள் காலையில் மூச்சு இழுத்தது. தம்பியைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"நான் போனதும் அவ வருவாடா. நாலு பேர் பார்க்க அழவும் அழுவா."

"அந்தப் பேச்சு இப்ப எதுக்குக்கா."

"சொல்றதக் கேளு. வர்றவங்க எல்லாருக்கும் நாற்காலி எடுத்துப் போடு. அவளுக்கு மட்டும் போடாத."