ஆர்டிஸ் சொல்லாத தூள்

ஆர்டிஸ் என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் மாமியாரின் தம்பி மெர்ல் வாயால்தான். நெஹேலம் ஆற்றங்கரைக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த வருஷம். இரண்டு பெரிய சால்மன்களைத் தூக்கிக்கொண்டு வந்தவரிடம், என்ன இரை போட்டீர்கள் என்று கேட்டேன்.

"ஆர்டிஸ் பக்குவம் பண்ணின மீன் முட்டைம்மா. அதக் கண்டா மீனு வெக்கங்கெட்டு வாயத் தொறக்கும்" என்றார்.

ஆர்டிஸ் என் கணவரின் பெரியப்பா மகள். எனக்கு நாத்தனார் முறை.

எங்கள் ஆற்றில் பங்காளிச் சண்டையை ஊரறியப் பேசுவார்கள். முட்டைப் பக்குவத்தை மட்டும் கூடப்பிறந்தவளிடமும் சொல்லமாட்டார்கள். ஆர்டிஸ் சால்மன் வயிற்றிலிருந்து முட்டைக் கொத்தை முழுசாக எடுத்து, நரம்பிலுள்ள ரத்தத்தை விரலால் வழித்துவிடுவாள். துண்டு போட்டு, உப்பு, சர்க்கரை, வெங்காரம், சிவப்புச் சாயம் தூவிப் புரட்டுவாள். கூடவே, எங்களுக்கெல்லாம் பின்னால்தான் தெரியவந்த, கந்தக நெடி அடிக்கிற வெள்ளைத் தூள் ஒன்று. முட்டை மினுங்குவதும் ஆற்றில் கரையாமல் நிற்பதும் அதனால்தான். யாரும் எட்டிப் பார்த்துவிடக் கூடாதென்று அடுப்படி ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் வேலையில் இறங்குவாள்.

அவள் புருஷன் ஹால்வருக்கு மூச்சிரைப்பு. கோடையில் நன்றாக இருப்பார். மழை பிடித்து, முட்டையிட மீன் கடலிலிருந்து ஆற்றில் ஏறும் காலம் வந்தால் நெஞ்சு கீச்சிடும். மழை ஈரம் என்று எல்லோரும் நினைத்தோம். ஒரு வருஷம் மிகவும் முற்றிப்போய் டாக்டர் பெக் வீட்டுக்கே வந்தார். அவரும் தூண்டில்காரர்; இவர்கள் படகுக்குப் பக்கத்தில்தான் அவர் படகு நிற்கும்.

"வீட்ல ஏதாவது தூளு, மருந்து பொழங்குறீங்களா, ஆர்டிஸ்?"

"உப்பு, சர்க்கரை, வெங்காரம்."

"அவ்வளவுதானா?"

"எனக்கே தூண்டி போடுறீங்களா டாக்டர்? நான் கடிக்கமாட்டேன்."

ஹால்வர் இருமலுக்கு நடுவே சிரித்தார். "எங்கிட்டயே சொன்னதில்ல, ஒங்ககிட்டயா சொல்லுவா!"

டாக்டரும் சிரித்துவிட்டு, மூச்சுக்கு மருந்து கொடுத்துவிட்டுப் போனார். அந்த வெள்ளைத் தூள் டப்பாவைத் திறந்தால் ஆர்டிஸுக்கே தொண்டை கமறும். ஆனாலும் வாய் திறக்கவில்லை.

அடுத்த வாரம் பெருமழை. ஆறு பொங்கி, மீன் கூட்டமாக ஏறியது. படகுக்காரர்கள் வாளி வாளியாக முட்டையை இறக்கிவிட்டுப் போனார்கள்.

"கை வலிக்கலையாடி ஒனக்கு? நகரு, நான் தூவுறேன்" என்று ஹால்வர் உள்ளே வந்தார்.

இத்தனை வருஷமாக அவரை அண்டவிடாதவள், அன்று வேலை மும்முரத்தில் டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டாள். தூள் புகைபோல எழும்பியது. அவர் ஜன்னலை நோக்கிப் போனார், எட்டவில்லை, விழுந்துவிட்டார்.

டாக்டர் வாசற்படி ஏறும்போதே ஆர்டிஸ் கத்தினாள்: "வெள்ளத் தூளு ஒண்ணு இருக்கு டாக்டர்! அன்னிக்கு நான் சொல்லல!"

ஹால்வரின் உதடு அதற்குள் நீலம் பாரித்துவிட்டது.

அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். ஆர்டிஸ் எழுந்து நின்று, தன் பக்குவத்தை அளவோடு, அந்தத் தூளின் பெயரோடு, எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். "மூச்சு வாங்குறவங்கள கிட்ட விடாதீங்க" என்றாள். ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மெர்ல் மாமா மட்டும் அளவு மறந்துவிடாமலிருக்க உதட்டை அசைத்துச் சொல்லிப்பார்த்ததை நான் கண்டேன்.

அதற்குப் பிறகு அவள் முட்டையைத் தொடவில்லை. இப்போது மலைக்குக் கிழக்கே, மீன் ஏறும் ஆறு இல்லாத, கோதுமை விளைகிற ஊரில், மகள் கேரன் வீட்டில் இருக்கிறாள்.