கயிற்றில் ஏறாத காளை

டாமோ மலைக்குப் போனாலும் சாஃபுவுக்கு அடிவாரம் வரைதான். உச்சியில் இருக்கும் மடத்துக்குப் பெண்கள் ஏறக்கூடாது, பெட்டைக்கோழிகூடப் போகக்கூடாது. ஆண்கள் தோல்கயிற்றைப் பிடித்துச் செங்குத்துப் பாறையில் ஏறிப்போவார்கள். பெண்கள் பாறைக்கு முத்தமிட்டுவிட்டுக் கீழேயே நிற்பார்கள்.

புருஷன் பெர்ஹே காய்ச்சலில் கிடந்தபோது, "இவரு பிழைச்சு எழுந்தா, எங்க செவலைப் பசு போடுற கன்னு உங்களுக்குத்தான்" என்று அந்தப் பாறையில் நெற்றியை வைத்து மடத்துப் புனிதர் அரெகாவியிடம் வேண்டிக்கொண்டாள். பெர்ஹே எழுந்துவிட்டான். பசு காளைக்கன்று போட்டது. ஆனால் அதே வாரம் வீட்டு உழவு மாடு செத்துப்போனது.

அடிவாரத்தில் காணிக்கை வாங்கும் துறவி வொல்தே, "கன்னு எங்கேம்மா?" என்று கேட்டார்.

"பெட்டைக்கன்னா போயிருச்சு, சாமி."

"பெட்டையா? அப்ப மேலே ஏத்த முடியாதே. உனக்கே இருக்கட்டும்னு அரெகாவி விட்டுட்டாரு போல."

பக்கத்தில் நின்ற ஊர்க்காரி அல்காநெஷ் சிரித்தாள். "குடுத்து வெச்சவடி நீ. நாங்க வேண்டிக்கிட்டா மட்டும் தவறாம காளையாப் பொறக்குது."

சாஃபு அன்றைக்குப் பாறைக்கு முத்தமிடாமலே திரும்பினாள்.

சில வருஷத்தில் கன்று வளர்ந்து, அதன் கழுத்தில் நுகம் ஏறியது. அது உழுத நிலத்தில் தெஃப் தானியம் நன்றாக விளைந்தது. அந்தப் புது மாவில் சுட்ட இஞ்சேரா ரொட்டி அவளுக்கு மட்டும் ருசிக்கவில்லை.

"மாட்டுக்குத் தீனி வைக்கிற, தண்ணி காட்டுற. ஒருநாளாவது தடவிக் குடுக்குறியா?" என்றான் பெர்ஹே. "என்னடி உனக்கு அதுமேல கோபம்?"

வேண்டுதலையும் பொய்யையும் அவள் சொல்லிவிட்டாள்.

"என்கிட்ட அப்பவே சொல்லியிருந்தா, ஊரெல்லாம் மாடு இரவல் கேட்டு உழுதிருப்பேனே" என்றான் பெர்ஹே. "ஓட்டிட்டுப் போய் மடத்துக்கே குடுத்துரு."

வொல்தே காளையை ஏற இறங்கப் பார்த்தார். "கன்னுக்குட்டின்னா கயித்துல கட்டித் தூக்கிரலாம். மலை மாதிரி நிக்கிற இந்த மாட்டை யாரு தூக்குறது? வீட்டுக்கே கூட்டிட்டுப் போம்மா. மனசு வெச்சு கொண்டாந்தியே, அதுவே போதும்."

அன்றைக்குப் போலவே இன்றைக்கும் தப்பிக்க ஒரு வழி திறந்தது. சாஃபு அதில் நுழையவில்லை.

"கீழே இருக்கிற மடத்து நிலத்தை உழட்டும், சாமி. இதுதான் அந்தக் கன்னு. பெட்டைன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

வொல்தே அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "எத்தனையோ பேரு வர்றாங்க. எனக்கு ஞாபகம் இல்லையேம்மா."

காளையை மரத்தில் கட்டினாள். முதல்முறையாக அதன் கழுத்தைத் தடவினாள். மாட்டைக் கொடுத்தால் பொய்யும் கூடவே போய்விடும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவருக்கு ஞாபகம் இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது இருப்பார். இப்போது அந்தப் பொய்யை அவள் ஒருத்திதான் வைத்திருக்க வேண்டும்.