உள்ளடக்கம் என்று எழுதினார்கள், அடக்கம் என்று படித்தோம்

புது ஃபிளெக்ஸ் பேனரைப் பிரிக்கும்போது ஒரு வாடை வருமே... மண்ணெண்ணெயும் ரப்பரும் கலந்த மாதிரி. அது மூக்கில் ஏறினாலே இன்றைக்கும் எனக்கு அந்தப் பயிலரங்கு ஞாபகம் வந்துவிடுகிறது.

படிப்பு முடித்த கையோடு ஒரு பல்கலைக்கழகத்தின் சமூகப் பணித் துறையில் எனக்குத் தற்காலிக வேலை. கும்மிடிப்பூண்டி சுற்றுவட்டாரத்தில் ஆள் சேர்ப்பது, ஹால் பிடிப்பது, பேனர் கட்டுவது, சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பது. அந்த முறை பயிலரங்கு எங்கள் காலனியிலேயே. ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பங்கள். இப்போது முக்கால்வாசிப் பேர் கம்பெனிகளில் கான்ட்ராக்ட் வேலை.

நாலு நாள் முன்னதாகவே சமுதாயக் கூடத்து வாசலில் பேனரைக் கட்டிவிட்டேன். ‘சமூக உள்ளடக்கம் - ஒருநாள் பயிலரங்கு.’

வழக்கமாக இருபது பேர் வந்தாலே பெரிய விஷயம். அன்றைக்குக் கூடம் நிரம்பி வாசலிலும் ஜனம். ஷிஃப்டுக்கு லீவு போட்டுவிட்டு வந்தவர்கள் வேறு.

பயிலரங்கை நடத்த வந்த எங்கள் துறைப் பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். "சூப்பர் மொபிலைசேஷன், சுதா!"

எனக்கும் தலைகால் புரியவில்லை. எதற்கு இத்தனை பேர் வந்தார்கள் என்று யோசிக்கவே இல்லை, பாருங்கள்.

ஸ்லைடெல்லாம் ஓட்டி முடித்துவிட்டு, "கேள்வி இருந்தா தயங்காம கேளுங்க" என்றார் பேராசிரியர். முதல் வரிசையில் இருந்த ரோஸி அக்கா எழுந்தார். எங்கள் தெருக்காரர், செருப்புக் கம்பெனியில் வேலை.

"சார்... அடக்கம்னு போட்டுக்கிறீங்களே, பாதை எப்போ சார் போடுவீங்கோ? மழைக்கு முன்னாடி ஆயிடுமா? எங்கம்மா படுத்த படுக்கையா கீது சார்."

பேராசிரியர் என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது... எங்கள் ஊரில் ஃபிளெக்ஸில் ‘அடக்கம்’ என்று வந்தால் ஒரே அர்த்தம்தான். சர்ச்காரர்களுக்கு அடக்க ஆராதனை, மற்றவர்களுக்கு நல்லடக்கம். இடுகாட்டு விஷயம் பேசத்தான் யாரோ பெரிய இடத்திலிருந்து வருகிறார்கள் என்று ஊரே நம்பி வந்திருக்கிறது!

எங்கள் இடுகாட்டுக்குப் பாதை கிடையாது. ஒரு பக்கம் கம்பெனி மதில். இன்னொரு பக்கம் நிலக்காரர்களின் வரப்பு. அந்த வரப்பில் நாற்றுக்கட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம், பிணத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது. அதனால் வாய்க்காலில் இறங்கித்தான் போகவேண்டும். ரோஸி அக்காவின் அப்பாவை அப்படிக் கொண்டுபோனபோது பெட்டி சரிந்து தண்ணீர் உள்ளே போய்விட்டது. அதைக் கண்ணால் பார்த்த அவர் அம்மாவுக்கு அன்றிலிருந்து ஒரே பயம், தனக்கும் அந்தக் கதி வந்துவிடுமோ என்று.

பேராசிரியர் சிரித்தார். மேடையில் இருந்த மற்றவர்களும் சிரித்தார்கள். "அம்மா, இது அந்த அடக்கம் இல்ல. யாரையும் வெளியே தள்ளாம எல்லாரையும் சேர்த்துக்கறது. அதுதான் உள்ளடக்கம்."

"அத்தத்தான சார் நானும் கேக்கறேன்? செத்தப்புறமும் எங்கள சேத்துக்க மாட்டேன்றாங்களே!"

"அது நம்ம ஸ்கோப்ல வராதும்மா" என்றார் அவர், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

அப்போது நான் செய்தது இருக்கிறதே... சே! ரோஸி அக்காவின் தோளைத் தொட்டு, "உக்காருக்கா, அப்பறமா பேசிக்கலாம்" என்றேன். வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்கு. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்து எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து, நூல்கண்டைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் விளையாட்டு. ஒற்றுமைக்காம்! பாதிப் பேர் பொட்டலம்கூட வாங்காமல் கிளம்பிவிட்டார்கள்.

துறை போட்ட அறிக்கையில், ரோஸி அக்கா எழுந்து நின்று பேசும் போட்டோ பளபளவென்று வந்தது. கீழே ‘ஆர்வத்துடன் பங்கேற்ற பயனாளி’ என்று எழுதியிருந்தார்கள். என்ன பயனைக் கண்டார் அவர்?

அந்த ஐப்பசி மழையில் அவர் அம்மா போய்விட்டார். வாய்க்காலில் மார்பளவு தண்ணீர். ஆறு பேர் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நடுவில் ஒருவருக்குக் கால் இடறியது. "ஐயோ, எங்கம்மா!" என்று ரோஸி அக்கா போட்ட சத்தத்தில் எனக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, பெட்டியைப் பிடித்துவிட்டார்கள்.

அந்தக் கரை ஏறியதும் அக்கா நனைந்த புடவையோடு என் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தாலாவது தேவலை.

"அன்னிக்கு நீ உக்காருன்ன பாரு சுதா... நான் உக்காந்துருக்கவே கூடாதுமே."

அடுத்த மாதமே அந்த வேலையை விட்டேன். இப்போது நானும் ஒரு கம்பெனியில்தான், க்வாலிட்டி செக்ஷன்.

போன வாரம் அதே துறையிலிருந்து புதிதாக வந்த உதவிப் பேராசிரியர் வாட்ஸ்அப்பில் மெசேஜ் போட்டார். தன்மையான பையன்தான். "மேடம், உங்க ஊர்ல அன்னிக்கு நடந்த ப்ரோக்ராம் பயங்கர சக்சஸ்னு ஃபைல்ல இருக்கு. மறுபடி அதே மாதிரி கூட்டம் சேர்த்துத் தர முடியுமா?"

அன்றைக்கு ‘உள்ளடக்கம்’ என்ற சொல்லுக்கு எங்களுக்கு அர்த்தம் தெரியாது, அதனால் ஊரே திரண்டது. இன்றைக்குச் சின்னப் பிள்ளைக்குக்கூட அர்த்தம் தெரியும். ஒருத்தரும் வரமாட்டார்கள்.

"சார், இடுகாட்டுப் பாதைக்கு உங்க லெட்டர்ஹெட்ல கலெக்டருக்கு ஒரு கடிதம் எழுதுங்க. ஊரையே நான் கூட்டிட்டு வரேன்" என்று அனுப்பினேன்.

நீல டிக் விழுந்து நாலு நாள் ஆகிறது. நேற்றிலிருந்து இங்கே மழை. வாய்க்காலில் முழங்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டதாம்.