அப்துல் காதர் கொட்டிய மீன்

டத்தோ கிராமாட் பகுதிச் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவிய கைதான் பின்னாளில் சொந்தமாக இரண்டு படகு வாங்கியது. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட அப்துல் காதருக்குப் பினாங்குக் கடலின் மேடு பள்ளமெல்லாம் மனப்பாடம். படகுத்துறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டால்பின்களைக் கணக்கெடுக்க வந்த ஆராய்ச்சிக்காரப் பெண் மர்ஜானாவும் அவரிடம்தான் வந்தாள்.

முதல் மாதம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அவள் சொன்ன நேர்கோட்டில் படகு போகும், தொலைநோக்கியோடு நிற்பாள், வெறுமனே திரும்புவார்கள். பக்கத்துப் படகுக்கார ஹைக்கல் சிரித்தான்.

"என்ன நானா, உங்க கடல்ல தண்ணி மட்டும்தானா லா?"

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. மறுமுறையிலிருந்து, அவள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தனியாகப் போய், அதே கோட்டில் ஒரு கூடை கழிவு மீனைக் கொட்டிவிட்டு வந்தார். அன்று ஏழு டால்பின்கள் வந்தன. அடுத்த முறை பதினொன்று.

"என் படகுல ஏறினவங்க சும்மா திரும்புனதில்லம்மா" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

மூன்று மாதம் ஓடியது. ஒருநாள் மீன் கொட்ட நேரமில்லை. ஆனாலும் எஞ்சின் சத்தம் கேட்டதும் அவை வந்துவிட்டன. இளஞ்சிவப்புத் தாய் டால்பினின் பக்கத்தில் சாம்பல் நிறக் குட்டி. அதன் முதுகில் புதுவெட்டு ஒன்று பிளந்து கிடந்தது. அது நேரே படகின் அடியில் சுழலும் விசிறியை நோக்கி வந்தது. அவர் எஞ்சினை அணைத்தார். 

"யாரோட படகோ வெட்டியிருக்கு. ஏன் மாமா இது பயப்படவே மாட்டேங்குது?" என்றாள் மர்ஜானா.

சொன்னால் அவருடைய இத்தனை வருஷப் பேர் போய்விடும். சொல்லாவிட்டால் அடுத்த வெட்டு எந்தப் படகிலிருந்து வரும்?

"நான்தான்மா பழக்கினேன். மீன் போட்டு."

அவள் தொலைநோக்கியைக் கீழே வைத்தாள்.

"எத்தன தடவ?"

"பன்னெண்டு."

அவள் கணக்கெடுத்த நோட்டைப் பிரித்து, பக்கம் பக்கமாகக் குறுக்கே கோடு போட்டாள். "இனிமே போடாதீங்க. மறந்துடும்னு நம்புவோம். எனக்கே தெரியல."

அப்போது தூரத்தில் இழுவைப் படகு ஒன்றின் உறுமல். சாம்பல் முதுகு அந்தப் பக்கம் திரும்பியது. தாயும் பின்னால் போனது.

கூப்பிட்டால் வராது, கல்லை எறிந்தாலும் மிரளாது. அதற்குத் தெரிந்த அழைப்பு ஒன்றுதான். அப்துல் காதர் கியர் போடாமல் எஞ்சினை மட்டும் ஓடவிட்டார். விசிறி அசையவில்லை, சத்தம் மட்டும் கடலில் பரவியது.

குட்டி திரும்பி வந்து படகின் அடியில் உரசியது. இழுவைப் படகு கடந்து போகும்வரை, கை கியரில் பட்டுவிடக் கூடாதென்று இரண்டு கையையும் மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பின்னால் இன்னொரு படகு வந்துகொண்டிருந்தது.