ஒட்டிக்கொண்ட கடைசிப் பக்கம்

பள்ளி நூலகத்தில் கிழிந்த புத்தகங்களைத் தைத்து ஒட்டுகிறவளை எல்லோரும் பசையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவள். பதினோரு வருடம் அந்த அறையில் இருந்தும் அவள் குரலைக் கேட்டவர்கள் சொற்பம். தமிழ் டீச்சருக்கோ அவளைக் கண்டாலே ஆகாது. இந்த ஊமையை மாற்றுங்கள் என்று தலைமையாசிரியரிடம் இரண்டு முறை எழுதியே கொடுத்திருந்தார். அவளுக்கோ வருடத்துக்கு வருடம் நீட்டிக்கிற வேலை.

அந்த வருடம் டீச்சர் பாடத்தில் பழங்கதை வாசிப்பைக் கொண்டுவந்தார். ராஜாவின் குளத்தைப் பிடித்துக்கொண்ட பூதத்தைக் குயவன் மகள் மடக்கும் கதை. இருந்தது ஒரே புத்தகம். ஆளுக்கு ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்து, சொந்த நடையில் எழுதிவர வேண்டும். மாதிரிக்கு என்று டீச்சரே ஒரு சுருக்கத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டார்.

முப்பத்தேழு பேருக்கு ‘மிக நன்று’. அதே வகுப்பில் படித்த பசையக்காவின் மகளுக்கு மட்டும் பூஜ்யம். கடைசிப் பக்கம் பிரியவில்லை, அதனால் முடிவு தெரியாது என்று அவள் எழுதியிருந்தாள். சோம்பேறித்தனத்துக்குப் பொய் வேறா என்று கேட்ட டீச்சர், முடிவை எழுதும்வரை வெளியே நில் என்று சொல்லிவிட்டார்.

அன்று மாலை புத்தகம் திரும்பி வந்ததும் பசையக்கா புரட்டிப் பார்த்தாள். ஒட்டியபின் நடுவில் பிளாஸ்டிக் தாளைச் செருகித்தான் பாரம் வைப்பாள். இதற்கு மறந்திருந்தாள். கடைசி இரண்டு தாளும் அப்பளமாக ஒட்டிக்கிடந்தன. சொன்னால் வேலை போகும். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் வராந்தாவில் நின்ற மகள், அம்மாவைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பசையக்கா புத்தகத்தோடு ஆசிரியர் அறைக்குள் போனாள். தலைமையாசிரியரும் அங்கே இருந்தார்.

“பொண்ணு பொய் சொல்லல டீச்சர். நான்தான் தப்பா ஒட்டிட்டேன். பக்கம் பிரியல.”

“அப்ப மத்த முப்பத்தேழு பேரும் எப்படிப் படிச்சாங்களாம்? மந்திரம் போட்டா?”

“அதக் கேக்கத்தான் டீச்சர் நானும் வந்தேன்.”

அவள் ஈரத்துணியால் ஓரத்தை நனைத்து, ஸ்டீல் ஸ்கேலை மெல்ல நுழைத்துத் தாளைப் பிரித்தாள். தலைமையாசிரியர் சத்தமாக வாசித்தார். கல்யாணம் பேச வந்த ராஜாவைத் திருப்பி அனுப்பிவிட்டு, பூதத்தை ஆயுளுக்கும் பானைக்கு மண் மிதிக்க வைத்துக்கொள்கிறாள் குயவன் மகள். முப்பத்தேழு நோட்டிலும் ராஜா அவளைக் கட்டிக்கொண்டு சுகமாக வாழ்ந்தார். டீச்சர் கரும்பலகையில் எழுதிப்போட்டிருந்ததும் அதே கல்யாணம்தான்.

“நீங்களாவது படிச்சீங்களா டீச்சர்?” என்றார் தலைமையாசிரியர். டீச்சர் பசையக்காவைத்தான் பார்த்தார். கண்ணாலேயே எரிக்கிற பார்வை.

பூஜ்யம் அடித்து நீக்கப்பட்டது. மகள் வகுப்புக்குள் உட்கார்ந்தாள், டீச்சர் அவளை மறுபடி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுத்த வாரம் பசையக்காவுக்கும் உத்தரவு வந்தது. பள்ளிச் சொத்தைப் பாழாக்கியதால் நூலகத்திலிருந்து விலக்கம். வருட முடிவுவரை மாடிப்படியும் கழிப்பறையும் கழுவுகிற வேலை.

வீட்டில் அந்த உத்தரவுத் தாளை மகள் இரண்டு முறை வாசித்தாள்.

“அந்தப் பூதம் கொடுத்து வச்சதும்மா,” என்றாள். “அதுக்கு வேலை நிரந்தரம்.”